முற்றத்துக் கோரையைக் கிண்டி எடுத்த கதை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்வளவில் மலேசியன் புல் பதித்து இரண்டு வருடம் அழகாகத்தான் இருந்தது. 2023 மாரிக்கு முன்னம் ஒரு பள்ளத்தை நிரப்ப ஒரு லோட் மண் பறித்தோம், அதோடு வந்தது வினை. மழை விட்டுப் பார்த்தால் நல்ல புல்லுக்கு மேலே பளபளவென்று ஏதோ நிற்கிறது. தண்டை விரலுக்குள் உருட்டினேன், உருளவில்லை, மூன்று பட்டை. கோரை.

வயல் செய்கிற பெரியப்பா பார்த்துவிட்டு, "இழுக்காதே தம்பி, கிண்டி எடு" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கையால் பிடுங்கினேன், ஒன்றை இழுத்த இடத்தில் மூன்று வந்தது. கீழே கிழங்குகள் கம்பி மாதிரி வேரில் மணிமணியாகக் கோர்த்திருக்கின்றன, அந்தத் தொடர் அறுந்தால் அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்கும் முளைக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. கறுப்புப் பொலித்தீன் விரித்துக் கல் வைத்தேன், அதையும் குத்திக்கொண்டு மேலே வந்தது!

கடையில் கிளைபோசேற் என்ற களைகொல்லியை அடிக்கச் சொன்னார்கள். இலங்கையில் 2015இல் தடைசெய்து 2022இல் திரும்ப அனுமதித்த மருந்துதான். ஆனால் அது நல்ல புல்லையும் சேர்த்துக் கொல்லும், அதோடு எங்கள் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, இந்த மணலில் எதை ஊற்றினாலும் கீழே இறங்கிவிடும் என்ற பயம். வேண்டாம் என்று விட்டேன்.

மே மாதம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதும் தண்ணீர் விடுவதை நிறுத்தினேன். தினமும் ஒரு பாய் அளவு இடம், ஒரு அடி ஆழம் வெட்டி, மேசன்மார் மணல் அரிக்கிற அரிதட்டில் அத்தனை மண்ணையும் அரித்தேன். இடுப்பு முறிந்தது, ஆனாலும் மணல் தரை என்பதால் முடிந்தது, களிமண்ணில் இது நடக்காது. கிழங்கை முகர்ந்தால் நல்ல வாசம். அம்மம்மா "முத்தக்காசு" என்று சொல்லிக் காய்ச்சல் குடிநீருக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தா. மிச்சத்தைச் சீமெந்துத் தரையில் பத்து நாள் காயப்போட்டு எரித்தேன். பசளைக் குழிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்த ஈரத்தில் திரும்ப முளைக்கும்.

அப்புறம் தப்பிய கிழங்குகள் முளைக்க முளைக்க, ஐந்தாறு இலை வருவதற்குள், கத்தியால் கிண்டி எடுத்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் விட்டால் அடியில் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். ஒக்டோபர் முதல் மழைக்கு, கோரை எட்டாத மூலையிலிருந்து நல்ல புல்லை வெட்டி நட்டேன். இப்போது புல்லை ஒட்ட வெட்டுவதில்லை, கோரைக்கு நிழல் ஆகாது.

தண்ணீர்க் குழாயடியில் இன்னும் இரண்டு மூன்று வருகிறது, சனிக்கிழமைகளில் கிண்டுகிறேன். மண் பறிக்கப் போகிறவர்கள் லோட்டை இறக்க முதல் இரண்டு கை அள்ளி அரித்துப் பாருங்கள். கடலை அளவில் கறுப்புக் கிழங்கு தட்டுப்பட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.