பத்து லட்சத்தில் ஒரு குழந்தை: மகளின் அகலேசியா சிகிச்சை அனுபவம்

எங்கள் மகளுக்கு ஒன்பது வயதில் அகலேசியா, அதாவது உணவுக்குழாயின் அடித்தசை தளராமல் உணவு இரைப்பைக்குள் இறங்காது தேங்கும் நோய், என்று உறுதியானபோது, குழந்தைகளுக்கான இரைப்பை குடல் மருத்துவரிடம் நாங்கள் முதலில் கேட்டது, இது எத்தனை குழந்தைகளுக்கு வரும் என்பதைத்தான். எல்லா வயதினரையும் சேர்த்தாலே லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவருக்குத்தான் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது என்றும், அவர்களிலும் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் அவர் சொன்னார். குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர். அதுவரை நாங்கள் ஏன் அவ்வளவு அலைய நேர்ந்தது என்பது அந்தக் கணக்கில் விளங்கிவிட்டது.

சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்பாள். ஒவ்வொரு கவளத்தையும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளுவாள். படுத்தால் இருமல் வரும். சில நாள் காலையில், முந்தைய இரவு உண்ட சோறு பருக்கை பருக்கையாகத் தலையணையில் கிடக்கும். அமிலம் மேலேறுகிறது என்று ஒரு மாத்திரையும், வீசிங் என்று இன்ஹேலரும், பிடிவாதம் என்று அறிவுரையும் கிடைத்தன. குழந்தைகளிடம் அன்றாடம் காண்பவை அவைதாம் என்பதால் அந்த மருத்துவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை; எடை குறைந்துகொண்டே போனபோதாவது பேரியம் எக்ஸ்ரே ஒன்றை எழுதித் தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

கடைசியில் அந்தப் படத்தை எடுத்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவள் விழுங்கிய வெள்ளைக் குழம்பு இரைப்பைக்குள் இறங்காமல், விரிந்துபோன உணவுக்குழாயில் தேங்கி, அடியில் பறவையின் அலகைப் போலக் கூராக முடிந்திருந்தது. வேறு அடைப்பு இல்லையென்று எண்டோஸ்கோப்பியில் பார்த்தபின் மானோமெட்ரி செய்தார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மயக்கம் கொடுக்காமல், சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி அழுத்தத்தை அளக்கும் இச்சோதனைதான் அவளுக்கு அறுவை சிகிச்சையைவிடக் கடினமாக இருந்தது. விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டிய கீழ்ச் சுருக்குத்தசை, அதை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்ததால் இறுகியே இருப்பது உறுதியாயிற்று.

“அழும்போது கண்ணீர் வருகிறதா?” என்று மருத்துவர் கேட்டது எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது. ஆல்குரோவ் என்ற மரபணுக் குறைபாட்டில் அகலேசியாவுடன் கண்ணீரின்மையும் அட்ரீனல் சுரப்பிக் குறைவும் சேர்ந்து வரலாம். அட்ரீனல் குறைவு தெரியாமல் அறுவை சிகிச்சைக்குப் போவது ஆபத்து. அவளுக்குக் கண்ணீர் தாராளமாகவே வரும். அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவும் சரியாக இருந்தது.

பலூன் வைத்து விரிப்பது, 1913இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹெல்லர் தொடங்கிவைத்த தசைவெட்டு, ஜப்பானில் 2008இல் மனிதர்களுக்கு முதன்முதலாகச் செய்யப்பட்ட, வாய்வழி எண்டோஸ்கோப்பைச் செலுத்தி உள்ளிருந்தே தசையை வெட்டும் போயம் (POEM) என மூன்று வழிகளை விளக்கினார்கள். போயமுக்குப் பின் அமிலம் மேலேறும் வாய்ப்பு அதிகம் என்பதால், வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையில் தசையை வெட்டி, அமிலம் மேலேறாதிருக்க இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் பாதியளவு மடித்துத் தைப்பதற்குச் சம்மதித்தோம். அழிந்த நரம்பணுக்கள் திரும்புவதில்லை; ஆகவே இன்றும் மெதுவாக மென்று, தண்ணீர் சேர்த்தே சாப்பிடுகிறாள், மறுபரிசோதனைக்கும் தவறாமல் போகிறோம். இரவு இருமல் நின்றுவிட்டது. இன்ஹேலரையும் மருத்துவரே நிறுத்திவிட்டார்.