சராசரிச் சம்பளத்துக்குள் மறையும் பணம்

அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் பள்ளி மாவட்ட அலுவலகத்தில், பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். அந்நாட்டில் பொதுப்பள்ளிகளின் நிர்வாகம் பெரும்பாலும் பள்ளி மாவட்டங்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வாரியமும் தனி பட்ஜெட்டும் உண்டு. பள்ளி நிதி பற்றிய விவாதமெல்லாம் ஒரு மாவட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வையே சுற்றிவரும். சொத்து வரி அதிகம் வசூலாகும் மாவட்டத்தின் பள்ளிகள் செழிப்பதும் மற்றவை தேய்வதும் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று, 1973-இல் சான் அன்டோனியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தபின், அந்தப் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. அது தேவையான போராட்டமே. ஆனால் ஒரே வாரியத்தின் கீழ், ஒரே பட்ஜெட்டுக்குள் நடக்கும் அநீதியை அந்த விவாதம் தொடுவதில்லை.

அந்த அநீதி பிறக்கும் இடம் சம்பளக் கணக்கு. பல மாவட்டங்களில் பள்ளிக்குப் பணமாக அல்ல, பணியிடமாகவே ஒதுக்கீடு நடக்கும். இத்தனை மாணவர்களுக்கு இத்தனை ஆசிரியர்கள் என்று விதி இருக்கும். ஒவ்வொரு பணியிடத்துக்கும் மாவட்டத்தின் சராசரிச் சம்பளம் செலவாக எழுதப்படும். காகிதத்தில் எல்லாப் பள்ளிகளும் சமம். ஆனால் உண்மையான சம்பளம் பணிமூப்பைப் பொறுத்தது. இடமாறுதலில் பணிமூப்பு உள்ளவர்களுக்கு முன்னுரிமை கிடைக்கும் இடங்களில், அனுபவமுள்ள ஆசிரியர்கள் காலப்போக்கில் வசதியான பகுதிகளின் பள்ளிகளில் சேர்ந்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, தலா முப்பது ஆசிரியர்கள் உள்ள இரண்டு பள்ளிகளில், ஒன்றின் சராசரிச் சம்பளம் 60,000 டாலர், மற்றொன்றில் 85,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பள்ளிக்கு ஆண்டுதோறும் 7,50,000 டாலர் கூடுதலாகப் போகிறது. பட்ஜெட் ஏட்டில் அது தெரிவதில்லை. ஏழைக் குழந்தைகளின் பங்கு, யாரும் கையெழுத்திட்டு முடிவெடுக்காமலே இடம் மாறிவிடுகிறது.

கூட்டாட்சி அரசின் விதியும் இதற்கு இடம் கொடுத்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏழை மாணவர்களுக்காக வரும் டைட்டில் ஒன் நிதியைப் பெற, மாவட்டம் தன் பள்ளிகளிடையே ஒப்பத்தக்க சேவை இருப்பதைக் காட்ட வேண்டும். ஆனால் அந்த ஒப்பீட்டில் பணிமூப்பால் வரும் சம்பள வேறுபாட்டைச் சேர்க்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2015-இல் வந்த சட்டத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதை, உண்மையான சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்றானது. அந்தக் கணக்கை முதன்முறையாகத் தயாரித்தபோது எங்கள் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. திரையில் பள்ளிகளை வறுமை விகிதப்படி அடுக்கிப் பார்த்தோம். வறுமை கூடக்கூடத் தொகை ஏற வேண்டிய இடங்களில் அது இறங்கிக்கொண்டிருந்தது.

சீர்திருத்தம் என்றதும் எல்லோரும் சொல்வது, தேவை அதிகமுள்ள மாணவருக்கு அதிகத் தொகை என்று கணக்கிட்டுப் பணத்தைப் பள்ளிக்கே கொடுத்துவிடுவது. நியூயார்க் நகரம் 2007-இல் அப்படியொரு முறைக்கு மாறியது. கலிபோர்னியா மாநிலம் 2013-இல் கொண்டுவந்த சூத்திரத்தில், குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும், ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கும், வளர்ப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து வழங்கப்படுகிறது. ஆயினும் அந்தக் கூடுதல் தொகை மாவட்டத்துக்குத்தான் வருகிறது. அது உரிய பள்ளிக்குப் போய்ச் சேர்கிறதா என்பது மாவட்டத்தின் கணக்குமுறையைப் பொறுத்தது. பள்ளியின் பட்ஜெட்டில் உண்மையான சம்பளத்தையே கழித்தாலோ வேறொரு சிக்கல் முளைக்கும்: இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் முதல்வரின் கண்ணுக்குச் செலவாகத் தெரியத் தொடங்குவார். அனுபவம் சுமையாகிவிடும் எந்த முறையையும் என்னால் சீர்திருத்தம் என்று ஏற்க முடியவில்லை.

அனுபவமுள்ள ஆசிரியர் ஒரு பள்ளியில் தங்குவதன் மதிப்பை எனக்கு உறைக்கச் சொன்னவர், வறுமை மிகுந்த பகுதியிலிருந்த ஒரு தொடக்கப் பள்ளியின் முதல்வர். ஆகஸ்டு மாதத்தில் அவர் அறைக்குச் சென்றபோது, ஆசிரியர் பட்டியலைப் பென்சிலில்தான் எழுதி வைத்திருந்தார். வகுப்பு தொடங்குவதற்குள் எத்தனை பெயர்கள் அழியும் என்பது அவருக்கே தெரியாது. “கணினி வாங்கப் பணம் கொடுக்கிறீர்கள், வாங்கிவிடுகிறேன். வாசிப்புச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் மூன்று ஆண்டுகள் இங்கே தங்குவதற்கு உங்கள் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?” என்று கேட்டார். ஒதுக்கீட்டுத் தாளில் அதற்குத் தலைப்பே இல்லை என்பதுதான் உண்மை.

அதன்பின் நாங்கள் வாரியத்தின் முன்வைத்த திட்டம், சராசரிச் சம்பளக் கணக்கை உடனடியாகக் கைவிடவில்லை. உண்மைச் செலவுக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப் பத்தியில் காட்டவும், குறைவாகப் பெறும் பள்ளிகளுக்கு அந்தத் தொகையைப் படிப்படியாக ஈடுசெய்யவும், அதை முதலில் ஆசிரியர்களைத் தக்கவைக்கும் ஊக்கத்தொகைக்கும் புதியவர்களுக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர்களுக்கும் செலவிடவும் பரிந்துரைத்தோம். வசதியான பகுதிப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் எனக்குப் புரிந்தது. தங்கள் பள்ளி நிதியை இழக்கும் என்று நினைத்தார்கள். ஆசிரியர் சங்கத்துடனான பேச்சுவார்த்தைதான் நீண்டது, அது நியாயமும்கூட, ஏனெனில் இடமாறுதல் உரிமை அவர்கள் போராடிப் பெற்றது. ஊக்கத்தொகைக்கு அவர்கள் இறுதியில் ஒப்புக்கொண்டார்கள். கட்டாய இடமாறுதல் வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றார்கள். அந்த நிபந்தனையோடு தனிப் பத்தி பட்ஜெட் ஏட்டில் ஏறியது. அடுத்த ஆண்டிலிருந்து வாரியக் கூட்டங்களில் பெற்றோர்கள் தங்கள் பள்ளியின் தொகையை அதிலிருந்தே வாசித்துக் கேள்வி கேட்கிறார்கள்.