ஓசூர் 'சூப்பர்வைசர் வேலை'யிலிருந்து தம்பியின் பணத்தைத் திரும்ப வாங்கியது

டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த தம்பியை, கூடப் படித்த பையன் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். பேக்கிங்கில் சூப்பர்வைசர் வேலை, மாதம் 18,000, தங்க ரூம் உண்டு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோடு வா என்றான். போன பிறகுதான் சம்பளமே கிடையாது, கமிஷன் மட்டும்தான் என்று தெரிந்திருக்கிறது. அதற்குள் 16,500 ரூபாய் கட்ட வைத்து, கோட்டுத் துணி ஒரு பெட்டி கையில் கொடுத்துவிட்டார்கள். இனி இவன் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரை.

என்ன வேலை என்று போனில் சொல்லாதே, நேரில் வரவழை. ட்ரெய்னிங் என்பதே இதுதான். போனில் இருக்கும் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் சித்தப்பா மகன் பெயர் அதில் மூன்றாவதாக இருந்தது.

ஊர்த் திருவிழாவுக்கு வந்தவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு இரண்டாகப் பெருகினால் 27-வது வரிசைக்கு மட்டும் 13 கோடிப் பேருக்கு மேல் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடே 7.21 கோடிதான். "எல்லாரும் சேர மாட்டாங்கக்கா, உழைக்கிறவங்க மட்டும்தான் மேல வருவாங்க" என்றான். அதற்கும் வகுப்பில் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரி என்று அதை விட்டுவிட்டு, இதுவரை கையை விட்டுப் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவனே வந்து, "போகலக்கா" என்றான்.

சர்டிஃபிகேட்டுகள் 'வெரிஃபிகேஷன்' என்ற பெயரில் அவர்கள் ஆபீஸில் கிடந்தன. பணத்தைக் கேட்டுச் சண்டை போட்டால் அவை வராது. அதனால் அப்பா லோன் போட்டு இன்னொரு ஐடி (அதாவது அதே கம்பெனியில் இன்னொரு உறுப்பினர் இடம்) எடுக்கப் போகிறார், பேங்கில் ஒரிஜினல் கேட்கிறார்கள் என்று தம்பியைச் சொல்லச் சொன்னேன். உடனே கொடுத்துவிட்டார்கள். பொய்தான், ஆனால் இவர்களிடம் அதற்காக எனக்குக் கூச்சமில்லை.

அப்புறம்தான் கடிதம். கவர்ன்மெண்ட் அப்ரூவல் என்று அவர்கள் காட்டியது கம்பெனிப் பதிவும் ஜிஎஸ்டி எண்ணும்தான். கம்பெனி இருக்கிறது, வரிக்குப் பதிந்திருக்கிறது என்பதைத் தாண்டி அவற்றுக்கு அர்த்தம் கிடையாது. ஆள் சேர்த்துப் பணத்தைச் சுழற்றும் திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். கடை வைக்காமல் ஆட்கள் மூலம் பொருள் விற்பதற்கென்று 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும், ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிட் திட்டத்தைத் தடுக்கின்றன. சேர்ந்தவர் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. தம்பி படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஆங்கில ஒப்பந்தத்தில் அது 30 நாள் என்று பொடி எழுத்தில் இருந்தது. நாள் இன்னும் மிச்சமிருந்தது, துணிப் பெட்டியும் பிரிக்காமல் இருந்தது.

விலகுகிறேன், பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஒப்பந்த நகல் எல்லாம் வைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். 48 வேலை மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அவர்களோ கடிதத்துக்குப் பதில் போடாமல், கூட்டிப்போன பையனை விட்டு அம்மாவுக்கு போன் போட வைத்தார்கள். "உங்க பையனால என் இன்கம் கட் ஆகுதும்மா" என்று அழுதான். அம்மா கலங்கிவிட்டார். எனக்கும் அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் வீட்டில் அவன் எவ்வளவு பணம் வாங்கி அங்கே கட்டினானோ.

அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகார் எண் வந்ததும் அதைக் குறிப்பிட்டு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என்று கம்பெனிக்கு இன்னொரு மின்னஞ்சல் போட்டோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஓசூருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அந்த மின்னஞ்சலுக்குத்தான் முதல்முறையாக ஒழுங்கான பதில் வந்தது.

துணியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பெட்டியை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினோம். 'நிர்வாகச் செலவு' என்று 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தம்பி கணக்கில் போட்டார்கள். அதற்கு ஒத்துக்கொண்டோம். ரூம் வாடகை, மெஸ் என்று அந்தப் பையன் கையில் ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது எதுவும் இல்லை. அது வரவில்லை.