வலிப்பது குதிமுள் அல்ல

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீர் என்று குத்தும். பத்து இருபது அடி நடந்தால் தணியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் சம்மணமிட்டுக் கொலுசு வேலை பார்ப்பவர்களும், அம்மாபேட்டையில் சிமெண்ட் தரையில் நின்று விசைத்தறி ஓட்டுபவர்களும் சொல்வது இதே வலியைத்தான்.

எக்ஸ்ரே எடுத்தால் குதிகால் எலும்பின் அடியில் கூராக ஒன்று தெரியலாம். உடனே "முள் வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணுமா?" என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயம் தேவையில்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. வலி முழுக்கப் போன பிறகும் எக்ஸ்ரேயில் அது அப்படியேதான் இருக்கும்.

வலிப்பது பிளான்டர் ஃபேசியா என்ற தடித்த பட்டை. குதிகால் எலும்பின் உள்பக்க அடியில் தொடங்கி, விரல்களின் அடிவரை வில்லுக்கு நாண் போல ஓடுகிறது. விரல்கள் மேலே மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதுபோல இந்தப் பட்டை இறுகிப் பாதத்தின் வளைவைத் தூக்குகிறது. இதை ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-இல் விளக்கினார். அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுவை லெமண்ட் குழு 2003-இல் ஆராய்ந்தபோது அதில் அழற்சி தெரியவில்லை, நார்கள் நைந்திருந்தன. வலி மாத்திரை விழுங்கினால் அன்றைக்குத் தணியும், நைந்தது சேராது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் சரிவில் ஏறும்போது கணுக்கால் அதிகம் மடங்க வேண்டும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அந்த இழுப்பு பாதத்துக்கு வரும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் நடை திடீரென்று கூடுவதும், தேய்ந்துபோன ரப்பர் செருப்பும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

முதல் பயிற்சியைக் கால் தரையில் படுவதற்கு முன்பே, படுக்கையிலேயே செய்ய வேண்டும். வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, ஐந்து விரல்களையும் அடியோடு பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். மறு கையால் பாதத்தின் நடுவைத் தொட்டால் பட்டை கம்பிபோல விறைத்து நிற்க வேண்டும். விறைக்கவில்லையென்றால் விரல் நுனியை மட்டும் இழுக்கிறீர்கள். 10 விநாடி பிடித்து, 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. டிஜியோவானி குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கு 8 வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. பலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய தடங்கல்.

அடுத்தது பட்டைக்குப் பலம் ஏற்றுவது. படியில் முன்பாதத்தை வைத்து, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் கொடுங்கள். துண்டு இல்லாமல் செய்தால் விரல்கள் அவ்வளவு மடங்காது, பட்டையும் அந்த அளவு இறுகாது. ஒற்றைக் காலில் 3 விநாடி மேலே எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடி இறங்க வேண்டும். 12 முறைக்குமேல் முடியாத அளவு கனமாக இருக்கட்டும். எளிதானால் முதுகுப்பையில் புத்தகம் போட்டுக்கொள்ளலாம். மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் செய்தால் திசு தேற இடைவெளி கிடைக்காது. 2015-இல் ராத்லெஃப் குழு இதை நீட்டும் பயிற்சியோடு ஒப்பிட்டது. மூன்று மாதத்தில் இது முந்தியது. ஒரு வருடத்தில் இரண்டும் சமம். ஆகவே ஒற்றைக் காலில் நிற்கத் தடுமாறும் வயதானவர்கள் நீட்டும் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். ஆனால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு உண்டு. திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது எங்களுக்கு உடன்பாடில்லை.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. பாதத்தில் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் அரை மணிக்குமேல் பிடித்திருந்தால் முதுகெலும்பு வாதமா என்று சோதிக்க வேண்டும். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தும்போது உயிர்போகிற வலி வந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். அப்போது மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால், "எக்ஸ்ரே நார்மல்" என்று வந்தாலும் வலி நீடித்தால் மறுபடி காட்டி, எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.