கரப்பானுக்குக் கத்திரிக்காய் என்ன செய்யும்?

பிள்ளையின் கன்னம் சிவந்து சொரசொரத்துவிட்டால் எங்கள் காங்கேயம் பக்கம் முதல் கேள்வி அம்மாவுக்குத்தான். "ஏனம்மிணி, கத்திரிக்காய் தின்னயா? கருவாடு தின்னயா?" என் மகனுக்குக் கரப்பான், அதாவது எக்ஸிமா, வந்தபோது எனக்கும் இதே விசாரணைதான். பால் கொடுக்கிற மற்ற அம்மாக்களும் இப்படி வெறும் ரசஞ்சோறு தின்று வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கரப்பான் தோலின் கோளாறு, அம்மா தின்ற கத்திரிக்காயின் கோளாறு அல்ல. ஈரத்தைப் பிடித்து வைக்கும் மேல்தோல் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வலுக்குறைவு. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இளைப்போ அடுக்குத்தும்மலோ இருந்தால் வர வாய்ப்பு அதிகம். முட்டையோ பாலோ கொடுத்த உடனே தடிப்போ வாந்தியோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றபடி நீங்களாகப் பத்தியம் பிடிக்க வேண்டாம்.

நான் மாற்றியது குளியலைத்தான். அமுச்சி (என் அம்மா) காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி, ஆவி பறக்க ஊற்றி, பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார். அந்தச் சூடும் தேய்ப்பும்தான் தோலுக்கு ஆகாது. இப்போது வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு பத்து நிமிஷம், மாவு கிடையாது, வாசனை சோப்பும் கிடையாது. எங்கள் போர்த் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காமல் மேலிலேயே படிந்துவிடும். அதனால் கடைசியில் ஊற்ற நல்ல தண்ணி ஒரு செம்பு தனியாக எடுத்து வைப்பேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்னே, மூணு நிமிஷத்துக்குள், ஈரத்தைக் காக்கும் வாசனையில்லாத கெட்டிக் களிம்பை (மாய்ஸ்சரைசர்) மேலெல்லாம் பூச வேண்டும். டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான ஸ்பூனில் எடுத்து, ரோமம் சாயும் திசையிலேயே நீவிவிடுங்கள். பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பத்தாது. வாரம் கால் கிலோகூடச் செலவாகும். ஆடிக்காத்து அடிக்கும் நாளில் நான் மத்தியானமும் ஒருமுறை பூசுவேன். ஆலிவ் எண்ணெய் பரிசாக வந்தால் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை மேலுக்கு வேண்டாம்.

சிவப்பையும் அரிப்பையும் அடக்க டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு களிம்பு என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை, சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை போடுவதில் பயமில்லை. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். பயப்பட வேண்டியது மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புக்கு. அதற்குள் என்ன வீரியத்தில் ஸ்டீராய்டு இருக்கிறதென்று பார்க்காமலே முகத்தில் தடவிவிடுகிறோம்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். திருப்பூர் பனியன் துணியே போதும், கம்பளி வேண்டாம்.

புண்ணில் மஞ்சள் பொருக்குக் கட்டி நீர் வடிந்தாலோ, காய்ச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாகக் கிளம்பினாலோ, களிம்பு, வேப்பிலை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.