பதினாலாம் கேள்வி

வினாத்தாளில் அது பதினாலாவது கேள்வி. ஆங்கிலத்தில் படித்தபோது உறுத்தவில்லை. தமிழில் எழுதியதும் நான்தான்: "அய்யனாருக்குச் சக்தி உண்டு என்று நம்புகிறீர்களா?" கீழே மூன்று கட்டங்கள். ஆம், இல்லை, சொல்லத் தெரியவில்லை.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வாளருக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அதோடு எழுத்தர், வழிகாட்டி, சில நாள் சமையல்காரி. மானிடவியலில் முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தயங்கிக்கொண்டிருந்த நேரம். நாள் கூலிதான். ஆனாலும் படித்த படிப்புக்கு நேராக வந்த முதல் வேலை என்று ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வு புரவி எடுப்பைப் பற்றியது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். வேளார் அந்த மண்ணைத் தன் களிமண்ணோடு சேர்த்துக் குதிரைகள் செய்வார். குறித்த நாளில் கண் திறந்து, ஆண்கள் தோளில் சுமந்துபோய், கண்மாய்க்கரையில் இருக்கும் அய்யனார் கோயிலில் இறக்கி வைப்பார்கள். அய்யனார் இரவில் அந்தக் குதிரையில் ஏறி ஊரைச் சுற்றிக் காவல் பார்ப்பார். குளமங்கலத்தில் இருப்பதுபோல ஓங்கி நிற்கும் பெரிய குதிரை இந்த ஊரில் கிடையாது. இடுப்பளவு, மார்பளவுக் குதிரைகள்தான். கரையில் முந்தின வருடங்களின் குதிரைகள் காதில்லாமல், காலில்லாமல், மழையில் சிதைந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஒருவரும் எடுத்து ஒட்டவைக்க மாட்டார்கள். ஆய்வாளருக்கு அது தாங்கவில்லை. அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவை என்று பெருமூச்சு விடுவார்.

முதல் வாரம் வீடு வீடாகப் போனோம். பதினாலாம் கேள்விக்கு ஒரே ஒருவரைத் தவிர எல்லாரும் ஆம். ஆம் என்பதைச் சொன்ன விதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி உலக்கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்தா இப்புடிக் கேக்குற? அவர நம்பித்தானே கம்மாயக் காவலுக்கு விட்டுட்டுத் தூங்குறோம்." பிறகு கூடவே, "ஒங்க ஊருல கம்மா கெடையாதா?"

நான் அதை ஆம் என்று குறித்தேன். என்ன தப்பு செய்தேன் என்று அப்போது தெரியவில்லை.

இல்லை என்று சொன்ன அந்த ஒருவர் டீக்கடை வைத்திருந்தவர். கறுப்புச் சட்டைக்காரர். சுவரில் பெரியார் படம். "எழுதிக்கங்க, சாமியும் கெடையாது, பூதமும் கெடையாது" என்று கட்டத்தைத் தன் விரலாலேயே தொட்டுக் காட்டினார். எடுப்பு அன்று பார்க்கிறேன், முதல் குதிரையின் முன்கட்டையில் அவர் தோள். வேர்த்து ஊற்றுகிறது. மறுநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "அது எங்க பங்காளி வகையறா மொறை. வரியும் கட்டியாச்சு. நான் தூக்கலைன்னா எங்க அண்ணன் மகன் ஒத்தையில தூக்குவானா?" என்றார். குரலில் சிறு கோபம்கூட இருந்தது, ஏதோ நான் அவர் கொள்கையைக் குறை சொல்லிவிட்டதைப் போல. ஆம் என்று சொன்னவர்களில் ஒருவர் திருப்பூரில் வேலை. வரிப் பணத்தை அனுப்பிவிட்டு எடுப்புக்கு வரவே இல்லை. எங்கள் அட்டவணைப்படி இவர் நம்பிக்கையாளர், டீக்கடைக்காரர் நாத்திகர்.

படிவங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் பேசுவதற்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ஆய்வாளரை அனுப்பியவர்களின் கண்டிப்பான விதி. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் நிலத் தகராறு இல்லாத வீடே இல்லாத ஊரில், இரண்டு பக்கத் தாளை நீட்டி அடியில் கையெழுத்துப் போடுங்கள் என்றால்? "சாமி காரியத்துக்கு எதுக்கும்மா கையெழுத்து, பத்திரம் கித்திரம் எழுதுறீகளா?" என்று ஒரு பெரியவர் எழுந்தே போய்விட்டார். கடைசியில் பேசச் சம்மதம் என்பதை வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்ள அனுமதி வாங்க எனக்கு மூன்று வாரம் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.

கேள்வி உடைந்தது வேளார் வீட்டில்.

கொட்டகைக்குள் நான்கு கால்கள் மட்டும் நின்றன. உருளை உருளையாக, உள்ளே கூடாக. அவர் ஒரு காலுக்குள் முழங்கை வரை கையை விட்டு உள்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே மறு கை. இரண்டு கைக்கும் நடுவே மண் மெலிவதும் தடிப்பதும் அவருக்கு மட்டும் தெரியும். அன்றைய மண் அன்றைக்கு எவ்வளவு காய்கிறதோ அவ்வளவுதான் மேலே ஏற்றலாம், அவசரப்பட்டால் சாய்ந்துவிடும். கால் முடிந்து வயிறு, பிறகு கழுத்து. தலை தனியாக. ஆய்வாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பதினாலாம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்: "இதுக்குள்ள சாமி இருக்குன்னு நம்புறீகளா அய்யா?"

அவர் கையை உருவி வெளியே எடுத்தார். சிரித்தார். "மண்ணுக்குள்ள என்ன தாயி இருக்கும்? மணலு இருக்கு, உமி இருக்கு. உமி கொறஞ்சா வெடிச்சிரும்."

மொழிபெயர்த்தேன். ஆய்வாளர் குறிப்பேட்டில், தகவலாளி ஐயவாதி என்ற பொருளில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அதே வேளார் கண் திறக்கும் நாளுக்கு முன்பே விரதம் தொடங்கிவிட்டார். அன்று விடிகாலை நான் தள்ளி, பெண்களோடு நின்றேன். தூரிகையை எடுப்பதற்கு முன் அவர் கை லேசாக நடுங்கியது அங்கிருந்தே தெரிந்தது. கண் எழுதி முடித்ததும் விலகி வந்து, தான் செய்த குதிரையின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிறகு ஒருநாள் இதைக் கேட்டபோது, "கண்ணு தொறக்குற வரைக்கும் நான் செஞ்ச குருதை. அப்பறம் எனக்கும் அது சாமிதான்" என்றார். எப்போது என்று கேட்காமல் உண்டா இல்லையா என்று கேட்டதுதான் எங்கள் கோளாறு.

அன்றிரவு கல்லூரிக் குறிப்புகளைத் தோண்டினேன். பதினாலாம் கேள்விக்குத் தாத்தா இருக்கிறார்: மானிடவியலாளர் எட்வர்ட் டைலர். 1871இல் அவர் சமயத்துக்குக் கொடுத்த சுருக்க விளக்கம், ஆவியுருவான உயிர்கள் உண்டு என்ற நம்பிக்கை. சமயம் என்றால் மண்டைக்குள் இருக்கும் ஒரு கருத்து. இன்றும் கணக்கெடுப்புத் தாள்களில் வாழ்வது அந்த விளக்கம்தான். ஆனால் துறைக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பும் பழசு. தெற்கு சூடானில் நூயர் மக்களோடு இருந்த எவன்ஸ் பிரிச்சர்ட், அவர்கள் மொழியில் "நான் நம்புகிறேன்" என்பதற்கு நேரான சொல்லே கிடையாது என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு ராட்னி நீதம் 1972இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார்: நம்பிக்கை என்பது எல்லா மனிதருக்கும் பொதுவான ஒரு மனநிலை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மால்கம் ரூயல் 1982இல், சமயத்தின் மையத்தில் நம்பிக்கையை வைப்பது கிறித்தவ வரலாற்றின் பழக்கம், அதை எல்லார் தலையிலும் கட்டாதீர்கள் என்றார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர்கள்தான். வேளாரின் உமிக்குப் பிறகுதான் அவை எனக்குப் பேச ஆரம்பித்தன.

தமிழில் நூயர் மாதிரி இல்லை, சொல் இருக்கிறது. அதுதான் ஏமாற்றியது. நம் ஆட்கள் "நம்பி" என்று எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று அந்த ஊர்ப் பதிவுகளையே திருப்பிக் கேட்டேன். மழையை நம்பி விதைச்சோம். அவன நம்பிப் பணம் குடுத்தேன். ஒன்ன நம்பி ஒரு பொண்ணு வந்திருக்கா. ஒன்றிலும் "உண்டா இல்லையா" என்ற விசாரணை இல்லை; பாரத்தை ஒருவர் மேல் இறக்கி வைப்பது இருக்கிறது. பாட்டி கண்மாயைக் காவலுக்கு விட்டுத் தூங்கியதும் அதுதான். தொல்காப்பிய உரியியலில் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று வருகிறது. நம்பு என்றால் நசை, விருப்பம். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் "பிலீவ்" என்ற சொல்லின் வேரும் அன்பு, விருப்பம் என்ற பொருள் கொண்டதுதான். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் புறப்பட்டிருக்கின்றன. நடுவில் அந்தச் சொல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

இதற்கு ஓர் எதிர்ச்சான்றும் பக்கத்திலேயே கிடைத்தது. ஓரியூருக்கு ஒரு நாள் போனோம். 1693இல் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் தலை வெட்டப்பட்ட இடம். அந்தச் செம்மண்ணைக் கத்தோலிக்கர்களும் மற்றவர்களும் மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். அங்கே ஒரு கத்தோலிக்க ஆசிரியையிடம் அதே கேள்வியைக் கேட்டதும் தடங்கலில்லாமல் பதில் வந்தது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிப் பழகியவர் அவர். அதற்கென்றே "விசுவசிக்கிறேன்" என்று ஒரு தனிச்சொல்லும் வைத்திருக்கிறார். ஆனால் மண்ணை ஏன் எடுத்துப்போகிறீர்கள் என்றதும், "எங்க அம்மாச்சி எடுப்பாக" என்பதோடு நின்றுவிட்டார்.

அதன்பின் பதினாலை அடித்துவிட்டு மூன்று கேள்விகள் எழுதினேன். கடைசியா எப்ப எடுத்தீக? பிடிமண் யார் கையால குடுத்தாக? எடுக்காம விட்ட வருசம் உண்டா?

மூன்றாவது கேள்வியில் கண்மாய் உடைந்தது. ஊரே பேச ஆரம்பித்தது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் இரண்டு கரைக்காரர்கள், அதாவது கோயிலில் பங்குள்ள இரண்டு வகையறாக்கள், முட்டிக்கொண்டு, அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து, கோயில் பூட்டிக் கிடந்த வருடங்கள். அந்த வருடங்களில் நடந்த சாவுகள், கருகிய வயல், குதிரை எடுக்க வேண்டிய வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் விழுந்தது. சாலை ஈரம், பையன் குடித்திருந்தான், எல்லாம் அவன் அப்பாவே சொன்னார். "ஆனா தெனமும் அதே ரோட்டுல, அதே போதையிலதான் வருவான். அன்னைக்கு ஏன் விழுந்தான்?" எவன்ஸ் பிரிச்சர்ட் அசாண்டே மக்களிடம் கேட்டது அச்சு அசலாக இது: கறையான் அரித்துத்தான் தானியக் கொட்டகை சரிந்தது, அது அவர்களுக்கும் தெரியும், ஆனால் இந்த ஆள் அடியில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் சரிந்தது? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் சொல்வோம். அந்த அப்பாவும் வேறு விஷயங்களுக்குச் சொல்லக்கூடியவர்தான். சொந்தப் பிள்ளை விஷயத்தில் பழமொழி போதவில்லை.

இன்னொரு குரலும் அந்தக் கேள்வியால்தான் பதிவில் ஏறியது. மேளம் அடிக்கிறவர்கள் தெருவில் ஓர் அக்கா. "சாமி எல்லாருக்கும்தான். எங்க ஆளுக மேளம் அடிச்சாத்தான் அதுக்கு அருளே வரும். தூக்குறப்ப மட்டும் நாங்க தள்ளி நிக்கணும்." முதல் வாரம் இவரும் ஆம் என்றுதான் சொல்லியிருந்தார். ஊர்த் தலைவரின் ஆமும் இவருடைய ஆமும் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி டிக் குறியாகக் கிடந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே பதினாலாம் கேள்வியை நான் மன்னிக்க மாட்டேன்.

பதிவுகளை எழுத்தாக்குவது தனி உழைப்பு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும். கோழி, பம்புசெட்டு, "ம்ம்" எல்லாம் எழுத வேண்டும். காதில் மாட்டியபடி இரவு உட்காரும்போது துணைக்கு நினைத்துக்கொள்வது விண்ட்சன் காஷினகாஜியை. 1950களில், இன்றைய ஸாம்பியாவின் வடமேற்கில், ந்டெம்பு மக்களின் சடங்குகளை விக்டர் டர்னர் ஆராய்ந்தபோது, முச்சோனா என்ற மருத்துவர் அர்த்தம் சொல்ல, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரான விண்ட்சன் நடுவில் அமர்ந்து விளக்குவார். மூவரும் மாதக்கணக்கில் அப்படிப் பேசியிருக்கிறார்கள். டர்னர் அவர் பெயரைச் சொல்லிவிட்டார். எங்கள் ஆய்வு அச்சான கட்டுரையில் நன்றி வரியில் என் பெயரும் இருக்கிறது, ஓர் எழுத்து பிசகி. பதினாலாம் கேள்வி மாறிய கதை அதில் இல்லை. கேள்விகள் "களத்தில் செம்மைப்படுத்தப்பட்டன" என்று இருக்கிறது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஆய்வாளர் முழங்கால் உயரக் குதிரை ஒன்று வேண்டும் என்றார். வேளார் செய்து, சுட்டு, சுண்ணாம்பு பூசிக் கொடுத்தார். முகத்தில் கண் இருக்கவேண்டிய இடம் வெறும் மேடாக இருந்தது. கண்ணும் எழுதித்தரச் சொல்லி ஆய்வாளர் இரண்டு முறை என்னைக் கேட்கவைத்தார். கூடுதல் பணம் தருவதாகவும். வேளார் என் பக்கம்தான் திரும்பினார்.

"வேணாம்னு சொல்லு தாயி. அங்க கொண்டுபோய் வச்சா, கண்ணத் தொறந்துக்கிட்டு அது யாரப் பாக்கும்? யாரு படையல் போடுவா?"

வைக்கோலைச் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, திருச்சியில் சரக்கு அனுப்பும் அலுவலகத்துக்கு நான்தான் எடுத்துப்போனேன். படிவத்தில் பொருளின் வகை என்று ஒரு கட்டம் இருந்தது. சமயப் பொருள் என்றால் கூடுதல் தாள் ஒன்று நிரப்ப வேண்டும் என்றார் எதிரே இருந்த பையன். கைவினைப் பொருள் என்றால் நேராகப் போய்விடும். சாக்கை லேசாகப் பிரித்து முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். "கைவினைப் பொருள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.