பஸ் ஸ்டாண்டில் படுத்தவருக்கு விலாசம் எடுத்த கதை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த பெரியவர் ஒருவரை ஒருவழியாக அறை எடுத்துக் குடிவைத்துவிட்டோம். அறை தேடியதும் வாடகைக்கு ஆள் சேர்த்ததும் பெரிய காரியமில்லை. காகிதம்தான் உயிரை வாங்கியது.

தேசிய அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கோ முதியோர் கொடுப்பனவோ நகராது. அட்டைக்குக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். அவரோ, "இவர் என் பிரிவில் இல்லையே, நான் எப்படி ஒப்பம் வைப்பது?" என்றார். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தோட்ட நிர்வாகியான துரையும் உறுதிப்படுத்தலாம். ஆனால் இவர் வேலையை விட்டு எத்தனையோ காலம். தோட்ட ஆபீஸில் கிளாக்கர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் பிறப்புச் சான்றிதழ். பெரியவருக்குத் தெரிந்தது சனங்கள் கூப்பிடும் தோட்டப் பெயர். பதிவேட்டில் இருப்பதோ வெள்ளைக்காரன் வைத்த பெயர். "அப்படித் தோட்டமே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போச்சு. பழைய கங்காணி வீட்டில் விசாரித்துத்தான் இங்கிலீஸ் பெயர் தெரிந்தது. போகுமுன் இரண்டு பெயரையும் கேட்டு வையுங்கள். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி உண்டு.

முடிச்சு அவிழ்ந்தது இப்படித்தான்: அட்டைக்குக் காத்திராமல் அறையை முதலில் எடுத்தோம். வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிய வாடகைக் கடிதத்தை நீட்டியதும், அதே கிராம சேவகர் பேசாமல் ஒப்பமிட்டார்!

பெரியவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. "குடியை விட்டால்தான் அறை" என்று எங்களுக்குள்ளேயே சிலர் நின்றார்கள். 1992இல் நியூயோர்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் வீடில்லாதவர்களுக்காகத் தொடங்கிய முறை இதற்கு நேரெதிர்: நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு, சிகிச்சையும் மற்ற உதவியும் அதற்குப் பிறகு. கடைசியில் அதையே பிடித்துக்கொண்டோம். பெரியவர் இன்னும் குடிக்கிறார்தான். ஆனால் கிளினிக்குக்குப் போகிறார், யாராவது கூடப் போனால். தனியே விட்டால் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார், அங்கேதான் அவருக்குப் பேச்சுத் துணை. அதனால் சாவி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கிளினிக் கொப்பி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், வீட்டுக்காரரிடம் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

கொடுப்பனவுக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதுவரை வாடகைக்கு நாங்கள்தான் மாதாமாதம் கை நீட்டுகிறோம்.